குழந்தைகள் மனநல வேலையில் நிறைவு எங்கிருந்து வருகிறது?

கேட்டிருப்பவர் ஒரு பள்ளியில் மனநல ஆலோசகர். சேர்ந்து மூன்றாவது வருடம். “விரும்பித்தான் படித்தேன், விரும்பித்தான் வந்தேன். இப்போது காலையில் கிளம்பும்போதே சலிப்பாக இருக்கிறது. நான் பேசுவதால் எந்தப் பிள்ளைக்காவது ஏதாவது மாறுகிறதா என்றே தெரியவில்லை. பல வருடமாக இதில் இருப்பவர்கள் எப்படி அர்த்தம் கண்டுபிடிக்கிறீர்கள்? நான் விலகிவிடலாமா?” என்கிறார். மேலோட்டமாகப் படித்தால் வாழ்க்கையின் அர்த்தம் பற்றிய கேள்வி மாதிரி இருக்கிறது. நான் இதை வேறு விதமாகப் படிக்கிறேன். ‘என்னால் பயன் உண்டா? உண்டு என்றால் அது எனக்கு எப்படித் தெரியவரும்?’ என்றுதான் நீங்கள் கேட்கிறீர்கள். அதற்குப் பெரும்பாலும் தொழில் நுணுக்கத்தில்தான் பதில் இருக்கிறது. அதனால் அந்தப் பக்கமாகவே பேசுகிறேன்.

நான் குழந்தைகளுக்கான மருத்துவ உளவியலில் பல வருடங்களாக இருக்கிறேன். இப்போது பாதி நேரம் இளையவர்களின் கேஸ்களைக் கேட்டு மேற்பார்வை செய்வதில் போகிறது. நீங்கள் எழுதியதை நான் அங்கே அடிக்கடி கேட்பேன், அதுவும் இரண்டாவது மூன்றாவது வருடத்தில். முதல் வருடம் எல்லாமே புதுசு, பயத்திலேயே ஓடிவிடும். அப்புறம்தான் படிப்பில் யாரும் அழுத்திச் சொல்லாத ஒன்று கண்ணில் படும். பெரியவர்கள் சிகிச்சைக்குத் தாங்களாக வருகிறார்கள். சின்னப் பிள்ளைகளை யாராவது கூட்டிக்கொண்டு வருகிறார்கள். ‘கிளாஸில் ஒரு இடத்தில் உட்காரவே மாட்டேங்கிறான்’ என்பது டீச்சரின் புகார். ‘சொன்ன பேச்சு கேட்பதில்லை’ என்பது அப்பாவின் புகார். பிள்ளையிடம் கேட்டால் தோளைக் குலுக்கும். அதற்கு எந்தப் புகாரும் இருக்காது, அல்லது அதன் புகார் முற்றிலும் வேறாக இருக்கும்.

ஆக, குழந்தைகளைப் பிடிக்கும் என்று இந்த வேலைக்கு வந்தவருக்கு, நாளின் பெரும்பகுதி பெரியவர்களோடு போகிறது. அம்மாவிடம் போன், ஆசிரியர் அறையின் ஓரத்தில் ஐந்து நிமிடம், தலைமை ஆசிரியரிடம் அனுமதி, எழுதி முடிக்க வேண்டிய குறிப்புகள். பிள்ளையோடு இருக்கும் நேரம் மட்டும்தான் ‘நிஜ வேலை’, மற்றதெல்லாம் அதற்குத் தடை என்று மனசு கணக்குப் போட்டால், உங்கள் பார்வையில் உங்கள் நாளில் முக்கால்வாசி வீண்தான். சலிப்பு வராமல் என்ன செய்யும்? நான் பார்த்த வரையில், இந்தத் துறையில் வறண்டு போகாமல் நீடித்தவர்கள் காலப்போக்கில் அந்தப் பெரியவர்களையும் விரும்பத் தொடங்கியவர்கள். கோபக்கார அப்பாவையும், களைத்துப் போன டீச்சரையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

இது வெறும் மனப்பக்குவத்தைப் பற்றிய பேச்சு இல்லை. சின்னக் குழந்தைகளின் அடம், முரட்டுத்தனம், சொல் கேளாமை போன்றவற்றுக்கு இதுவரை வலுவான ஆதாரம் உள்ள வழி, பெற்றோருக்குப் பயிற்சி கொடுப்பது. இதில் ஐயமே இல்லை, பல பத்தாண்டு ஆய்வுகள் பின்னால் நிற்கின்றன. இந்தப் பயிற்சியின் சில வடிவங்களில் சிகிச்சையாளர் பிள்ளையைப் பார்ப்பதே அபூர்வம். இந்தத் துறை பிறந்த கதையும் அப்படித்தான். 1896-இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் லைட்னர் விட்மர் தொடங்கியதுதான் உலகின் முதல் உளவியல் கிளினிக் என்பார்கள். அங்கே வந்த முதல் கேஸ் எழுத்துக்கூட்டத் தெரியாமல் திணறிய 14 வயதுப் பையன். அவனை அனுப்பியது ஒரு ஆசிரியை. பார்த்தால் அவனுடைய சிக்கலில் கண்பார்வைக்கும் பங்கு இருந்தது, கண்ணாடி போட வேண்டியிருந்தது. ஒரு பெரியவர் கவனித்தார், இன்னொரு பெரியவர் சரியான இடத்தில் தேடினார். நாம் செய்வது இன்றும் ஏறக்குறைய அதுதான்.

இந்த வேலையின் அருமைக்குச் சான்றாக அடிக்கடி ஒரு ஆய்வைச் சொல்வார்கள். ஹவாயின் கவாய் தீவில் 1955-இல் பிறந்த 698 குழந்தைகளை எம்மி வெர்னரும் ரூத் ஸ்மித்தும் பல பத்தாண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். வறுமை, குடும்பச் சச்சரவு, பெற்றோரின் மனநோய் என்று பல சுமைகளோடு வளர்ந்த பிள்ளைகளில் சுமார் மூன்றில் ஒரு பங்கினர் நல்லபடியாக, அக்கறையுள்ள மனிதர்களாக வளர்ந்தார்கள். அவர்களிடம் பொதுவாக இருந்தவற்றில் ஒன்று, நிலையாக உடன் நின்ற ஒரு பெரியவராவது அவர்களுக்குக் கிடைத்திருந்தார். பாட்டி, டீச்சர், பக்கத்து வீட்டுக்காரர், யாரோ ஒருவர். இதைக் கேட்டவுடன் ‘அந்த ஒருவர் நான்தான்’ என்று நினைக்கத் தோன்றும். அங்கேதான் கொஞ்சம் நிற்க வேண்டும். முதலாவது, இது கவனித்து எழுதிய ஆய்வு, சோதனை இல்லை. இயல்பிலேயே சிரித்த முகமும் சுமுகமான சுபாவமும் உள்ள பிள்ளைகள் பெரியவர்களைத் தம் பக்கம் ஈர்த்திருக்கவும் கூடும், சுபாவத்துக்கும் பங்கு உண்டு என்று அந்த ஆய்வாளர்களே சொல்லியிருக்கிறார்கள். இரண்டாவது, வாரத்துக்கு அரை மணி நேரம் பார்க்கும் நீங்கள் பெரும்பாலும் அந்த ஒருவராக இருக்கப் போவதில்லை. வகுப்பாசிரியர் நாள் முழுக்க அந்தப் பிள்ளையோடு இருக்கிறார். சித்தப்பா இன்னும் இருபது வருடம் அந்தப் பிள்ளையோடு இருப்பார். அந்த ஒருவர் அங்கேயே நிற்பதற்கு வேண்டிய உதவியைச் செய்வது உங்கள் வேலை. பெருமை கொஞ்சம் குறைகிறதுதான். ஆனால் அது கைக்கு எட்டுகிற வேலை.

இதைப் பக்கத்தில் போய்க் காட்டுகிறேன். அடையாளம் தெரியக் கூடாது என்பதற்காகப் பல பிள்ளைகளிடம் கண்டதை ஒரே பிள்ளையாகச் சேர்த்துச் சொல்கிறேன். ஏழு வயதுப் பெண். வீட்டில் வாய் ஓயாது. பள்ளிக்குள் வந்தால் ஒரு சொல் கிடையாது, பாத்ரூம் போகக்கூடக் கேட்க மாட்டாள். செலக்டிவ் மியூட்டிசம் என்று இதற்குப் பெயர். டீச்சர்கள் திமிர் என்று நினைப்பார்கள், உண்மையில் இது பதற்றம். பள்ளி முடிந்த பிறகு காலி வகுப்பறையில் அம்மாவும் அவளும் மட்டும் கதவைச் சாத்திக்கொண்டு சீட்டு விளையாடுகிறார்கள். கையில் இருக்கும் நிறத்தைச் சொன்னால்தான் ஆட்டம் நகரும். அவள் தாராளமாகப் பேசுகிறாள். அடுத்த கட்டத்தில் கதவு கொஞ்சம் திறந்திருக்கும். அதற்கடுத்து நான் வராந்தாவில் நடப்பேன். பிறகு உள்ளே வந்து, அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, ஏற்கெனவே அடுக்கி வைத்திருக்கும் காகிதக் கட்டை மறுபடி அடுக்கிக்கொண்டிருப்பேன். குரல் தணிந்தால் நான் ஒரு படி பின்னால் போக வேண்டும். குரல் பழையபடி வந்தால் ஒரு படி முன்னால். இப்படி வாரக்கணக்கில் போகும்.

பிறகு என் இடத்தில் வகுப்பு டீச்சர். அவரிடம் முன்பே பேசி வைத்திருந்தது இதுதான்: அவள் வாய் திறந்தால் கை தட்டாதீர்கள், ‘அட, பேசிட்டாளே!’ என்று சொல்லாதீர்கள், ஏதும் நடக்காத மாதிரி அடுத்த சீட்டைப் போடுங்கள். ஒருநாள் அவள் டீச்சருக்குக் கேட்கும்படி ‘சிவப்பு’ என்றாள். டீச்சர் சிவப்புச் சீட்டை வைத்துவிட்டு, ‘சரி, இப்போ என் முறை’ என்றார். அவ்வளவுதான். நான் அப்போது அறையிலேயே இல்லை, டீச்சர் மறுநாள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு நான் அத்தனை வாரமும் காகிதம் அடுக்கியதாகத்தான் தெரியும். அந்த டீச்சர் கை தட்டாமல் இருந்தாரே, அதில்தான் என் வேலை இருந்தது. இந்த மாதிரி நுணுக்கங்களில் உங்களுக்கு ஒரு ருசி வருகிறதா என்று பாருங்கள். வருகிறது என்றால் துறை உங்களுக்குப் பொருந்துகிறது, இடம்தான் பொருந்தவில்லை என்று நினைக்கலாம். எத்தனை முறை நன்றாக நடந்தாலும் துளிக்கூட ருசிக்கவில்லை என்றால், அதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

இனி ‘எப்படித் தெரியவரும்’ என்பதற்கு வருகிறேன். நம் வேலையில் ஒரு விசித்திரம் உண்டு. குணமான பிள்ளை வராமல் நின்றுவிடும். அலுத்துப்போன குடும்பமும் வராமல் நின்றுவிடும். நம் அறையிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே காலி நாற்காலிதான். குழந்தைகளின் சிகிச்சையைப் பாதியில் விட்டவர்களின் விகிதத்தை 28 சதவீதத்திலிருந்து 75 சதவீதம் வரை ஆய்வுகள் காட்டுகின்றன. இவ்வளவு பெரிய இடைவெளிக்கு ஒரு காரணம், ‘பாதியில் விடுவது’ எது என்பதிலேயே ஆய்வாளர்களுக்குள் ஒற்றுமை இல்லை. நல்லபடியாகி வராமல் போனவர்கள் நம் நினைவில் தங்க மாட்டார்கள். மோசமானவர்கள் திரும்பத் திரும்ப வருவார்கள், அவர்கள் முகம்தான் ராத்திரியில் ஞாபகம் வரும். அதனால், மூன்று வருடம் கழித்து ‘எதுவும் மாறவில்லை’ என்று உங்கள் நினைவு சொன்னால் அதை அப்படியே நம்ப வேண்டாம்.

எழுதி வைத்துப் பாருங்கள். பிள்ளையின் உணர்வு, நடத்தைச் சிக்கல்களைக் கணக்கிட ராபர்ட் குட்மேன் 1997-இல் வெளியிட்ட எஸ்.டி.க்யூ. என்ற கேள்வித்தாள் 25 வரிகள்தான், பெற்றோரும் ஆசிரியரும் சில நிமிடங்களில் நிரப்பிவிடலாம். அதைவிட எளிய வழியும் உண்டு. குடும்பம் தன் வாயாலேயே சொல்லும் இரண்டு மூன்று இலக்குகளை, உதாரணத்துக்கு ‘காலையில் அழாமல் வேனில் ஏறணும்’ என்பதை, ஒவ்வொரு சந்திப்பிலும் பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் மார்க் போடச் சொல்லுங்கள். ஒரு எச்சரிக்கை. மக்கள் நம்மிடம் வருவது நிலைமை மிக மோசமாக இருக்கும்போது. அங்கிருந்து சும்மா விட்டாலே பலருக்குச் சிரமம் கொஞ்சம் குறையும். எனவே மார்க் கூடியதெல்லாம் உங்கள் சாதனை என்று நினைக்க முடியாது. அதே நியாயத்தில், குறைந்ததெல்லாம் உங்கள் குற்றமும் ஆகாது.

ஒரு எண்ணையாவது மனதில் வைத்துக்கொள்வது நல்லது. பதற்றக் கோளாறு உள்ள 488 பிள்ளைகளை வைத்து அமெரிக்காவில் நடந்த ஒரு பெரிய சோதனையின் முடிவு 2008-இல் வந்தது. 12 வாரத்தில், பேச்சுவழிச் சிகிச்சையான சி.பி.டி. பெற்றவர்களில் சுமார் 60 சதவீதம் பேருக்கு நல்ல முன்னேற்றம். பதற்றத்தைக் குறைக்கத் தரும் செர்ட்ரலின் மாத்திரை மட்டும் பெற்றவர்களில் 55. இரண்டும் பெற்றவர்களில் 81. வெற்று மாத்திரை பெற்றவர்களில் 24. நல்ல செய்திதான், நாம் செய்வது வேலை செய்கிறது. ஆனால் இதையே மறுபக்கமாகவும் படியுங்கள். நன்கு பயிற்சி பெற்றவர்கள், திட்டமிட்ட முறையில், தொடர்ந்த மேற்பார்வையோடு செய்தும், சி.பி.டி. மட்டும் பெற்ற பத்துப் பேரில் நான்கு பேருக்கு அந்தக் காலத்துக்குள் போதிய முன்னேற்றம் வரவில்லை. தனியாக, அறுநூறு பிள்ளைகளுக்கு ஒரே ஆலோசகராக ஓடிக்கொண்டிருக்கும் ஒருவர் அதைவிட நல்ல கணக்கை எதிர்பார்த்தால், தன்னையே தண்டித்துக்கொள்கிறார் என்றுதான் சொல்வேன்.

சரி, இன்னொரு பக்கமும் இருக்கிறது. அதைச் சொல்லாமல் விட்டால் நேர்மையாக இருக்காது. ‘எதுவும் மாறவில்லை’ என்ற உங்கள் உணர்வு சில இடங்களில் சரியாகவே இருக்கலாம். மனநலம் என்ற பெயரில் செய்வதெல்லாம் பலன் தருவதில்லை. பிரிட்டனில் எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்களை வைத்து, வகுப்பு முழுவதற்கும் மைண்ட்ஃபுல்னெஸ், அதாவது இந்த நொடியில் நடப்பதை நிதானமாகக் கவனிக்கும் பயிற்சி, கற்றுக்கொடுத்துப் பார்த்த சோதனையின் முடிவு 2022-இல் வெளியானது. வழக்கமான பாடத்தைவிடக் கூடுதல் பலன் ஏதும் தெரியவில்லை. எல்லாக் குழு வகுப்புகளுமே வீண் என்று இதிலிருந்து முடிவு கட்ட முடியாது. ஆனால் உங்கள் பள்ளி உங்களை அசெம்பிளியில் பேசவும் போஸ்டர் ஒட்டவும் ‘விழிப்புணர்வு வாரம்’ நடத்தவும் மட்டும் பயன்படுத்திக்கொண்டு, அவசரமான பிள்ளைகளுக்கு மிச்ச நேரத்தை ஒதுக்கினால், வேலையில் உப்புச் சப்பில்லை என்று உங்களுக்குத் தோன்றுவது சரியான தகவல். அதை மனத்தளர்ச்சி என்று நினைத்து மறைக்காதீர்கள். தலைமையிடம் எடுத்துப் பேச வேண்டிய விஷயம் அது.

‘இதற்காகவே பிறந்தேன்’ என்ற எண்ணம் வேண்டுமா வேண்டாமா? பலர் அது இல்லாததைக் குறையாக நினைக்கிறார்கள். எனக்கு அதில் கொஞ்சம் சந்தேகம் உண்டு. பண்டர்சன், தாம்சன் என்ற இரு ஆய்வாளர்கள் மிருகக்காட்சிச்சாலைப் பணியாளர்களை ஆராய்ந்து 2009-இல் எழுதினார்கள். தங்கள் வேலையைப் பிறவிப்பயனாக நினைத்தவர்களுக்கு அதில் அர்த்தம் அதிகம் கிடைத்தது. அதே ஆட்கள்தான் சம்பளம், ஓய்வு, சௌகரியம் எல்லாவற்றையும் விட்டுக்கொடுக்கவும் தயாராக இருந்தார்கள், நிர்வாகம் தங்களைச் சுரண்டுவதற்கு எளிதில் இடம் கொடுத்தார்கள். விலங்குகளைப் பார்த்துக்கொள்பவர்களுக்குப் பொருந்துவது நமக்கும் அப்படியே பொருந்துமா என்பதை உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் ‘உங்களுக்குத்தான் சேவை மனப்பான்மை இருக்கே’ என்ற பாராட்டுக்குப் பின்னாலேயே இன்னும் நாற்பது பிள்ளைகளின் பட்டியல் வருவதை நான் நிறையவே பார்த்திருக்கிறேன். தன் சிறுவயதுக் காயம்தான் தன்னை இங்கே கொண்டுவந்தது என்று சொல்பவர்களும் உண்டு. அப்படி வந்தவர்கள் மற்றவர்களைவிட நன்றாகச் செய்கிறார்களா என்பதில் ஆய்வுகள் ஒரே குரலில் பேசவில்லை. என் அனுபவத்தில், அது ஒருவகைப் பிள்ளையைக் கேட்கக் காதைக் கூர்மையாக்கும், வேறொரு வகைப் பிள்ளையிடம் அதே காதை அடைத்துவிடும். எந்தப் பிள்ளையிடம் அடைக்கிறது என்று தெரிந்து வைத்திருந்தால் போதும்.

உங்கள் சலிப்பு எந்த வகை என்பதை எழுத்தை மட்டும் வைத்து என்னால் சொல்ல முடியாது. பிரித்துப் பார்க்க ஒரு வழி சொல்கிறேன். உளவியலாளர் கிறிஸ்டினா மாஸ்லாக் பர்ன்அவுட்டை, அதாவது வேலைச் சுமையில் ஆள் கருகிப்போவதை, மூன்றாகப் பிரித்தார்: உள்ளம் வற்றிப்போவது, எதிரில் இருப்பவரை ஆளாகப் பார்க்காமல் பொருளாகப் பார்க்கத் தொடங்குவது, தன்னால் எதுவும் ஆகவில்லை என்ற எண்ணம். நீங்கள் எழுதியிருப்பதில் மூன்றாவது பளிச்சென்று தெரிகிறது, முதலாவது கொஞ்சம். பிள்ளைகளைப் பற்றிக் கசப்பாக ஒரு வார்த்தை இல்லை, அது நல்ல அறிகுறி. உலக சுகாதார நிறுவனம் 2019-இல் பர்ன்அவுட்டை நோயாகச் சேர்க்காமல், வேலை சார்ந்த நிலையாகவே வரையறுத்தது. விடுமுறையிலும் எதிலும் பிடிப்பு இல்லை, தூக்கமும் பசியும் மாறிவிட்டன, பிடித்த ஆட்களையும் தவிர்க்கிறீர்கள் என்றால், அது வேலையைப் பற்றிய கேள்வியாகவே இல்லாமல் இருக்கலாம். டாக்டரைப் பாருங்கள். இதே அறிகுறிகளோடு ஒரு பெற்றோர் வந்தால் நீங்கள் என்ன சொல்வீர்களோ, அதைத்தான் சொல்கிறேன்.

வேலையில் மட்டும்தான் இப்படி என்றால், முதலில் பார்க்க வேண்டியது சுமையையும் தனிமையையும். தியானம், டைரி, நடைப்பயிற்சி எல்லாம் நல்லதுதான், ஆனால் தனி ஆளை மட்டும் தேற்றுவதில் கிடைக்கும் பலன் சிறிது. மருத்துவர்களிடம் நடந்த ஆய்வுகளில் வேலையின் அமைப்பை மாற்றியபோதுதான் கூடுதல் பலன் தெரிந்தது. மேற்பார்வையைப் பொறுத்தவரை, அதற்கான ஆராய்ச்சி ஆதாரம் நாங்கள் பிரசங்கம் செய்யும் அளவுக்குக் கனமானதில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். இருந்தும் நான் முதலில் கேட்பது அதைத்தான்: உங்கள் கேஸைக் கேட்க யாராவது இருக்கிறார்களா? பள்ளி தராவிட்டால், வேறு பள்ளிகளில் இதே வேலை பார்க்கும் இரண்டு மூன்று பேரைச் சேர்த்து, பதினைந்து நாளுக்கு ஒருமுறை, பெயர் அடையாளம் இல்லாமல் கேஸ் பேசுங்கள். தனியாக மூன்று வருடம் இதைச் செய்த யாருக்கும் தான் தேறுகிறோமா இல்லையா என்று தெரிய வாய்ப்பில்லை.

ராஜினாமாவுக்கு முன்னால் ஒரு பருவம் இப்படிச் செய்து பாருங்கள் என்பேன். மூன்று பிள்ளைகளை எடுத்துக்கொண்டு இலக்கு மார்க்கை ஒழுங்காக எழுதுங்கள். பொது நிகழ்ச்சிகளில் ஒன்றைக் குறைத்து, அந்த நேரத்தை ஒரே ஒரு வகுப்பாசிரியரோடு செலவிடுங்கள், உங்களிடம் அதிகம் எரிச்சல்படும் ஆசிரியராக இருந்தால் இன்னும் நல்லது. பருவ முடிவில் மார்க்கும் அசையவில்லை, அந்த நேரத்தைக் கொடுக்கப் பள்ளியும் மறுத்தது என்றால், தயங்காமல் வேறு இடம் தேடுங்கள். பள்ளியை விட்டால் துறையை விட்டதாக ஆகாது. மருத்துவமனைக் குழு, சிறப்புக் கல்வி, பெற்றோர் பயிற்சி, ஆசிரியர் பயிற்சி என்று எத்தனையோ இருக்கிறது. துறையையே விட்டாலும் அது பாவமில்லை.

போவதென்று முடிவானால் ஒன்று மட்டும் செய்யுங்கள். பிள்ளைகளிடம் கடைசி வாரத்தில் சொல்லாதீர்கள், ஒரு மாதத்துக்கு முன்பாவது சொல்லிவிடுங்கள். தேதியைச் சொல்லுங்கள், அடுத்து யார் வருவார் என்று சொல்லுங்கள், யாரும் வரப்போவதில்லை என்றால் அதையும் மறைக்காதீர்கள். ‘அப்பப்போ வந்து பார்க்கிறேன்’ என்று வாக்குக் கொடுக்காதீர்கள். சிலர் கோபப்படுவார்கள், சிலர் கடைசிச் சந்திப்புக்கே வர மாட்டார்கள், அவர்களுக்கு இரண்டு வரி எழுதி டீச்சரிடம் கொடுத்துவிட்டுப் போகலாம். அடுத்து வருபவருக்கான குறிப்பில், கேஸ் விவரங்களோடு, எந்தப் பிள்ளைக்கு எந்த ஆசிரியர் கைகொடுக்கிறார், எந்த வீட்டில் யாரிடம் பேசினால் காரியம் நடக்கிறது என்பதையும் எழுதி வையுங்கள். புதிதாக வருபவர் அதைக் கண்டுபிடிக்க ஒரு வருடம் ஆகும்.